பாயசம் வராத பந்தி

முன்னொரு காலத்தில் ஆம்பல் நாட்டைப் பரிதிமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். தங்கமான மனசு. ஆனால் நேற்றுச் சொன்னது இன்று பிடிக்காது.

ஒருமுறை மனுக் கொடுக்க முப்பது பேர் வந்தார்கள். "தினம் பத்துப் பேரை அனுப்பும். தீர்ப்பு கடைசியில் மொத்தமாக. அதுவரை யாரும் ஊர் திரும்பக் கூடாது" என்றான் ராஜா. ஆகவே முப்பது பேரும் தினமும் வாசலில் நின்றார்கள்.

முதல் நாள், "வயதில் மூத்தவர் முன்னே!" என்றான். வாயில் அதிகாரி கச்சிராயர் முதல் பத்துப் பேரை அனுப்பினார். மறுநாள், "தூரத்து ஊர்க்காரர் முன்னே!" கச்சிராயர் வரிசையை மாற்றி நிறுத்தி, பத்துப் பேர் முடிந்தாயிற்றே என்று முன்னால் நின்ற பத்துப் பேரைத் தள்ளி, அடுத்த பத்துப் பேரை அனுப்பினார். மூன்றாம் நாள், "உயரமானவர் முன்னே!" முன்னால் நின்ற இருபது பேரைத் தள்ளி, மிச்சம் பத்துப் பேரை அனுப்பினார்.

தீர்ப்பு நாளில், அந்த முப்பது பேரில் ஒருத்தியான பூவாத்தாள் என்ற இளம்பெண் சபைக்குள் ஓடிவந்தாள். அரண்மனைக் குதிரையைத் திருடியதாக அவள் புருஷன் சென்னியப்பன் சிறையில் இருந்தான். அன்று மாலை அவனை நாடு கடத்தப் போகிறார்கள்.

"சாமி, என்னைய ஒரு நாளும் உள்ளே கூப்பிடலீங்க!"

"பொய்க்காரி!" என்று சீறினார் கச்சிராயர். "மூன்று நாள், முப்பது பேர். கணக்கு சரி, பிரபு!"

அமைச்சர் இளநாகர் எழுந்தார். "அரசே, பசி வேளை. சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லலாமே. இன்று கச்சிராயர் முறைப்படி நானே பரிமாறுகிறேன்."

"என் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறார்!" என்று முணுமுணுத்தார் கச்சிராயர்.

ஆறு பதார்த்தங்கள். தடவைக்கு இரண்டு. காரமானது முன்னே என்று வரிசைப்படுத்தி முதல் இரண்டை வைத்தார் இளநாகர். பிறகு பெரிய பாத்திரம் முன்னே என்று வரிசையை மாற்றி, முதல் இரண்டைத் தள்ளி அடுத்த இரண்டு. பிறகு வெண்மையானது முன்னே. நான்கைத் தள்ளிக் கடைசி இரண்டு.

ராஜா இலையைப் பார்த்தான். பாகற்காய்க் குழம்பு மூன்று தடவை வந்திருந்தது.

"என் பால் பாயசம் எங்கேயய்யா?"

"காரமில்லை, அதனால் முதலில் வரவில்லை. பெரிய அண்டாவில் இருந்தது, தள்ளிவிட்டேன். எல்லாவற்றிலும் வெண்மை, மறுபடியும் தள்ளிவிட்டேன். ஆனால் ஆறு பரிமாறியாயிற்று. கணக்கு சரி, அரசே!"

ராஜாவின் கை இலையிலேயே நின்றது. "அடடா! பசுவைத் தொலைத்த கிழவர் தினமும் வந்தாரே, ஒரே சாயலில் மூன்று அண்ணன் தம்பிகள் என்றல்லவா நினைத்தேன்! இந்தப் பெண் இளையவள், தூரத்து ஊர்க்காரி, நெட்டை. அதனால்தான் விட்டுப்போனாள்!"

"வரிசையை மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இல்லையேல் ஒரே வரிசையைக் கடைசிவரை காக்க வேண்டும்" என்றார் இளநாகர்.

கை கழுவியதும் ராஜா, விட்டுப்போனவர்களையெல்லாம் அழைக்கச் சொல்லி, முதலில் பூவாத்தாளை விசாரித்தான். கட்டறுத்து ஓடிவந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டி, அரண்மனைக்குத் திருப்பி ஓட்டிவரும் வழியில்தான் சென்னியப்பன் பிடிபட்டானாம். லாயக்காரனும் கட்டறுந்ததை ஒப்புக்கொண்டான். சென்னியப்பன் விடுதலையானான். கச்சிராயர் தலை குனிந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

ராஜா தன் மோதிரத்தைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினான். அவர் வாங்கவில்லை. "கணக்கு சரியென்று நானும் மூன்று நாள் சும்மாதான் இருந்தேன், அரசே. வாய் திறந்தவள் அவள்தான்."

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி, மோதிரத்தை அவள் கையில் வைத்துக் கும்பிட்டான். "தாயே, ஒரு பாவத்திலிருந்து என்னைக் காப்பாற்றினாய்."

"நாந்தானுங்க கும்பிடோணும்" என்று அழுதாள் பூவாத்தாள். "அவரைத் திருப்பிக் குடுத்தீங்களே, சாமி."

நாடு கடத்துவதற்கென்று பூட்டி நிறுத்திய வண்டியிலேயே இருவரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.