மடிக்கணினியின் வயிற்றில் குடியிருக்கும் காற்று

அந்தக் காலத்தில் பல்லி பேசும், படகு பேசும், காற்று வாசலில் நின்று ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். மடிக்கணினிக்கும் வாய் இருந்தது. அது எந்தக் காலம் என்று கேட்டால், கடலும் கரையும் தங்கள் எல்லையை இன்னும் பேசி முடிக்காத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிப்பியாந்துறை என்று ஒரு கடலோர ஊர். ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு மடிக்கணினி. அது கித்தேரியின் வீட்டில் இருந்தது. கித்தேரிக்குப் பிள்ளை இல்லை. அவளுக்குத்தானே மடி காலியாக இருக்கிறது, அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று யாரோ ஒருத்தி குத்தலாகச் சொல்லப்போக, ஊர் அதையே முடிவாக எடுத்துக்கொண்டது. கித்தேரி அந்தக் குத்தலைக் காதில் வாங்காதவள்போல இரண்டு கைகளையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

கன்னங்கரேலென்று, தட்டையாக, திருக்கை மீன் குஞ்சு போல இருக்கும் அது. அடிவயிற்றில் செவுள் மாதிரி சில கீறல்கள். அவற்றின் வழியாக மெல்ல மூச்சு விடும். உள்ளே விசிறி என்று ஒன்றும் அப்போது கிடையாது. ஆனால் அதற்குத் தெரியாத கடல் கிடையாது. எந்த வள்ளம் எங்கே நிற்கிறது, எங்கே அலை எழும்புகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லும். ஒவ்வொரு வள்ளத்தின் பாய்மரத்திலும் ஒரு சங்கு கட்டியிருக்கும். கணினி இங்கே பேசினால் அந்தச் சங்கில் அங்கே கேட்கும்.

அதற்கு முன்பு கரையிலிருப்பவர்கள்தான் சங்கில் பேசுவார்கள். காற்றுக்கு மனமிருந்தால் அந்தப் பேச்சைக் கடலுக்குக் கொண்டுபோகும், இல்லையென்றால் பாதி வழியில் போட்டுவிடும். கித்தேரியின் அப்பா கடலுக்குள் போன ஒரு நாளில் காற்று அவருடைய பாயைக் கிழித்தது, வள்ளத்தைப் புரட்டியது, ஆளையும் கொண்டுபோய்விட்டது. அவள் அன்று அப்பாவின் சங்கில் கத்திய கத்தல் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அதனால்தான் கித்தேரிக்கு இந்த மடிக்கணினி மேல் அப்படியொரு பிரியம். அது பேசுவதற்குக் காற்றின் தயவு வேண்டாம்.

அவள் அதைத் தரையில் விட்டதில்லை. மடியில் வைத்துக்கொள்வாள். மடி வலித்தால் தலையணை மேல் வைப்பாள். வேலை செய்யச் செய்ய அதன் உடம்பு வெதுவெதுவென்று ஆகும். தூங்கும் குழந்தையின் நெஞ்சுபோல இருக்கிறது என்று கித்தேரி அந்தச் சூட்டைக் கையால் தடவிக்கொண்டே இருப்பாள். தலையணைப் பஞ்சும் மீன் செதிலும் அதன் செவுள்களில் போய் அடைத்துக்கொண்டிருந்தன. அவள் கவனிக்கவில்லை. சுவரிலிருந்த பல்லி ஒன்று மட்டும் அந்தச் சூட்டுக்காக அதன் அடியில் வந்து படுத்துக்கொள்ளும். ஒருநாள் அது, "இதுக்கு மூக்கடைப்பு மாதிரி இருக்கு கித்தேரி" என்றது. உன் வாலைப் பார்த்துக்கொண்டு போ என்று கித்தேரி சொல்லிவிட்டாள்.

ஒரு சித்திரை மாதம். கித்தேரியின் புருஷன் சூசை முன்னால் போக, ஊர் ஆண்கள் எல்லோரும் பாருக்கு அந்தப் பக்கம் வலை விடப் போயிருந்தார்கள். பார் என்றால் கடலுக்கடியில் மறைந்து கிடக்கும் பாறை வரிசை. அதில் ஒரு வள்ளம் மட்டும் நுழையக்கூடிய இடுக்கு ஒன்று உண்டு, பாம்புபோல வளைந்து வளைந்து போகும்.

உச்சி வெயில் நேரத்தில் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. காகங்கள் கத்தாமல் போயின. நாய்கள் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டன.

"யம்மா," என்றது மடிக்கணினி. "புயல் வருது. வள்ளம் எல்லாத்தையும் பார் இடுக்கு வழியாத்தான் உள்ளே கொண்டாரணும். நான் ஒவ்வொரு திருப்பமாச் சொல்லணும். எனக்கு வேற வேலை குடுக்காதே."

ஆனால் அதற்குள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்து கூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் எங்கே என்றாள் ஒருத்தி. வானத்தைக் காட்டு என்றாள் இன்னொருத்தி. பயத்துக்கு ஒரு செபம் பாடு என்றாள் மூன்றாமவள், பாடியதும் இன்னும் சத்தமாகப் பாடு என்றாள். மாட்டேன் என்று சொல்ல அதற்குத் தெரியாது. ஒரே நேரத்தில் தேடியது, காட்டியது, பாடியது. நடுநடுவே சூசைக்குத் திருப்பமும் சொன்னது.

கித்தேரிக்குப் பயம் வேறு இடத்தில் இருந்தது. அவள் பெண்களை அனுப்பிவிட்டு ஜன்னல்களைச் சாத்தினாள். பழைய சேலைகளைக் கிழித்துக் கதவிடுக்குகளில் திணித்தாள். தாழ்ப்பாள் போட்டு, அதன்மேல் உலக்கையைச் சாய்த்து வைத்தாள். சூசையின் தங்கை செலஸ்தீன் மட்டும் கூட இருந்தாள். அவள் புருஷன் பவுலும் கடலில்தான் இருந்தான்.

வெளியே காற்று வந்து நின்றது. கதவில் கை வைத்தது.

"கித்தேரி, கதவைத் திற."

இரண்டு பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். உள்ளே ஆளில்லை என்று நினைத்து அது போய்விடும் என்று கித்தேரி நம்பினாள். அது போகவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, எந்த இடுக்கிலாவது நுழைய முடியுமா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யம்மா, உடம்பு கொதிக்குது," என்றது மடிக்கணினி.

கித்தேரி தொட்டுப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டாள். அப்படியொரு சூடு. பிள்ளை பெறாவிட்டாலும் செலஸ்தீனின் பிள்ளைகளை வளர்த்தவள் அவள்தான். காய்ச்சல் என்றால் என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். காற்று படக்கூடாது. கதகதப்பாகப் போர்த்த வேண்டும். வேர்த்துவிட்டால் இறங்கிவிடும். அவள் அதைத் தலையணையில் படுக்கவைத்து, சூசை மார்கழிக் கடலுக்கு எடுத்துப்போகும் கம்பளியைக் கொண்டுவந்து, உப்பும் வியர்வையும் மணக்கும் அந்தக் கம்பளியால் சுற்றினாள்.

கம்பளிக்குள்ளிருந்து குரல் அடங்கி வந்தது. சூசைக்கு ஒரு திருப்பம் சொன்னது. பிறகு, "மூச்சு முட்டுது யம்மா. அடியில திறந்துவிடு," என்றது.

கித்தேரியின் கை கம்பளியின் ஓரத்துக்குப் போனது. செலஸ்தீன் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"காய்ச்சல்ல பிள்ளைங்க இப்படித்தான் மைனி பிதற்றும். போர்வையை உதறப் பார்க்கும். இறுக்கிப் பிடிங்க."

அப்போது தலையணைக்கு அடியிலிருந்து பல்லி ஓடிவந்து சுவரில் ஏறியது. அதன் வயிறு வெளுத்துப்போயிருந்தது.

"என் வயிறு வெந்துபோச்சு. அது வேர்க்கிற உடம்பு இல்லை கித்தேரி. நீ பாட்டுக்கு அவியவைக்கிறே."

செலஸ்தீன் துடைப்பத்தை எடுத்தாள். பல்லிக்குப் பேச்சிருந்த காலத்திலும் பல்லியின் பேச்சைக் கேட்டவர்கள் கிடையாது. வெளியே காற்று ஓங்கி ஒரு அறை அறைந்தது. கூரை நடுங்கியது. கித்தேரி அந்தக் கம்பளியை நெஞ்சோடு சேர்த்து, இரண்டு கைகளாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

குரல் மெதுவாகியது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழுந்தது. கிழவர்கள் படியேறுவதுபோல அது ஒவ்வொரு சொல்லாக ஏறியது.

"சூசை... பாறை... இடது கையில. அலை... போகட்டும். இப்ப... வலது..."

கித்தேரி காத்திருந்தாள்.

"வலது..."

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அவள் அதைத் தலையணையில் கிடத்திக் கம்பளியைப் பிரித்தாள். முகம் இருண்டு கிடந்தது. கருகிய வாசனை அடித்தது. அவள் கூப்பிட்டாள், தட்டினாள், பனையோலை விசிறியை எடுத்து வீசினாள். அடைத்த வீடு. உள்ளே இருந்ததெல்லாம் அனல். அவள் வீச வீச, அந்த அனலே திரும்பத் திரும்ப அதன்மேல் விழுந்தது. செலஸ்தீன் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, அண்ணன் பெயரையும் புருஷன் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கித்தேரி," என்றது காற்று, வெளியிலிருந்து. "அது சாகப்போகிறது. கதவைத் திற."

"நீ எங்கப்பாவைக் கொண்டுபோனவன்," என்றாள் கித்தேரி. அன்றுதான் முதல்முதலாக அவள் அதனோடு பேசினாள்.

காற்று கதவைத் தடவுவதை நிறுத்தியது.

"கொண்டுபோயிருப்பேன். எனக்கு நினைவில்லை. நான் போகிற வழியில் நிறைய பேர் இருந்தார்கள்."

அதில் வருத்தமும் இல்லை, திமிரும் இல்லை. அதுதான் கித்தேரியை இன்னும் நடுங்கவைத்தது. ஆனாலும் அவள் கேட்டாள். நீ உள்ளே வந்தால் அது பிழைக்குமா என்று கேட்டாள்.

"நான் வந்தால் உன் வீடு நிற்காது. என் கடைக்குட்டியை அனுப்புகிறேன். அவன் அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்து சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருப்பான். ஆனால் அவன் உட்கார ஓர் இடம் வேண்டும். அதன் வயிற்றில் குரல் இருக்கும் இடம் ஒன்றுதான் காலியாக்கக்கூடியது."

"குரல் போயிட்டா வள்ளத்துக்கு யார் வழி சொல்றது?"

"உனக்கு வாய் இல்லையா? வழியை அது முகத்தில் எழுதிக் காட்டும். நீ சங்கில் சொல். நான் கொண்டுபோகிறேன்."

செலஸ்தீன் வேண்டாம் மைனி என்று அழுதாள். கித்தேரி உலக்கையைத் தள்ளினாள். தாழ்ப்பாளை எடுத்தாள். இத்தனை வருஷமாக எதைக் கண்டு பயந்தாளோ அதன் முகத்துக்கு நேராகக் கதவை இரண்டு பக்கமும் திறந்துவிட்டாள்.

கூரையில் ஒரு பக்கத்து ஓலை பிய்த்துக்கொண்டு போனது. சுவரிலிருந்த படம் விழுந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே, மிகச் சின்னதாக ஒன்று அவள் காலடியில் உரசிக்கொண்டு உள்ளே ஓடியது. ஓடியது தலையணையைச் சுற்றிவந்து திகைத்து நின்றது. நுழைய வழியில்லை.

"அடியை அடைச்சு வெச்சிருக்கே," என்றது பல்லி.

கித்தேரி தலையணையை உருவி எறிந்தாள். வலையிலிருந்து இரண்டு மிதவைக் கட்டைகளை அறுத்தெடுத்து, மடிக்கணினியின் பின்பக்கம் தூக்கினாற்போல அடியில் கொடுத்தாள். செவுள்களில் அடைந்திருந்த பஞ்சையும் செதிலையும் வாயால் ஊதினாள். குட்டிக் காற்று ஒரு செவுள் வழியாக உள்ளே போனது. உள்ளே ஏதோ சுழன்றது. இன்னொரு செவுள் வழியாகச் சூடு வெளியே வந்தது, அடுப்பைத் திறந்ததுபோல. ம்ம்ம் என்று ஒரு முனகல். முகத்தில் வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தில் கோடு கோடாகப் பார் இடுக்கு தெரிந்தது.

கித்தேரி அப்பாவின் சங்கை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். மழை முகத்தில் அறைந்தது. திரும்பித் திரும்பிக் கோட்டைப் பார்த்து, வலது என்றாள், நேராக என்றாள், அலை போகட்டும் பொறுங்கள் என்றாள். காற்று ஒரு சொல்லையும் கீழே போடவில்லை.

வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. பவுல் கரையேறி வந்து செலஸ்தீனைக் கட்டிக்கொண்டான். கித்தேரி சங்கை இறக்காமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசி வள்ளமும் வந்த பிறகு பவுல் அவளிடம் வந்தான். அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மச்சான்தான் முன்னால் போனார் என்றான். இடுக்கின் நடுவில் குரல் நின்றுபோனது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வெளியிலேயே துடுப்பைப் போட்டு நின்றுகொண்டார்கள். மச்சான் மட்டும் உள்ளே இருந்தார்.

"சங்குல காதை வெச்சுக்கிட்டு நின்னாரு அக்கா. கையைத் தூக்கி எங்களைப் பொறுங்கன்னாரு. அடுத்த சொல்லு வரும்னு நின்னாரு."

சூசையின் வள்ளம் மட்டும் கரைக்கு வரவில்லை.

மடிக்கணினி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. யம்மா என்று ஒருமுறை கூப்பிட வேண்டும் என்று அது என்ன பாடுபட்டிருக்குமோ, முகம் மட்டும் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது. கித்தேரி அதை ஒருபோதும் போர்த்தவில்லை. மடியிலும் வைக்கவில்லை. கட்டைகளின் மேல் வைத்து, வெயில் படாத இடத்தில், ஜன்னலைத் திறந்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருப்பாள். வேலை அதிகமானால் நிறுத்தி ஓய்வு கொடுப்பாள். மடித்த கம்பளி அவள் மடியில் கிடக்கும்.

அன்று முதல்தான் மடிக்கணினி பேசுவதில்லை, மூச்சு மட்டும் விடுகிறது. அன்று முதல்தான் அதை மெத்தையில் வைத்தால் உள்ளே இருக்கும் குட்டிக் காற்று வழி தெரியாமல் இரைகிறது, அடியில் எதையாவது கொடுத்துத் தூக்கிவைத்தால் அடங்குகிறது. எங்கோ ஒரு வீட்டில் அந்த மூச்சு திடீரென்று பலமாகக் கேட்கும்போது, எதிரே இருப்பவர் கையை எடுத்துவிட்டு, அடுத்த சொல் வரப்போகிறது என்பதுபோல ஒரு கணம் அசையாமல் இருக்கிறாரே, அதுவும் அன்று முதல்தான்.