ஓடிப்போன ஏழு ஆசாரிகள்

முன்னொரு காலத்தில், பக்கத்து ராஜாவிடம் இருப்பதைவிட ஒரு சாண் நீளமான பீரங்கி தன்னிடம் இல்லாவிட்டால் சோறு இறங்காத ராஜா ஒருவர் இருந்தார். மகுடவர்மர் என்று பெயர். ஆற்றுக்கு இக்கரையில் அவர் கோட்டை, அக்கரையில் இன்னொரு ராஜாவின் கோட்டை. அவர் ஒரு பீரங்கி வார்த்தால் இவர் அதைவிடப் பெரிதாக ஒன்று வார்க்கச் சொல்வார். இவர் வார்த்த செய்தி போன மறுநாளே அங்கே உலை மூட்டுவார்கள்.

பீரங்கி வார்ப்பது எல்லா ஆசாரிக்கும் வருகிற வேலை இல்லை. பூட்டுச் செய்ய நூறு பேர் கிடைப்பார்கள், கலப்பைக்குக் கொழு அடிக்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள். ஆள் உயரத்துக்குக் களிமண் அச்சு கட்டி, அதற்குள் வெண்கலத்தை உருக்கி ஊற்றி, விரிசல் இல்லாமல் எடுக்கத் தெரிந்தவர்கள் இரண்டு சீமைக்கும் சேர்த்து இருபது பேர் இருந்தால் அதிகம். கிராக்கிக்குக் கேட்பானேன்! அக்கரை ஆட்கள் சாம்பிராணி விற்பது போலவும் ஜாதகம் பார்ப்பது போலவும் வந்து வார்ப்புக் களத்து வாசலில் குந்திக்கொண்டு, "அங்கே வந்தால் ஓட்டு வீடு, கறவை மாடு, போக வர வண்டி" என்று காதைக் கடிப்பார்கள். இக்கரை ஆட்களும் அங்கே போய் இதையேதான் செய்தார்கள். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த வருஷம் ஆனி மாதம் முடிவதற்குள் இக்கரைக் களத்தில் ஏழு ஆசாரிகளைக் காணோம். மிஞ்சியவர்களில் அச்சு கட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், உலகநாத ஆசாரி.

"ஏழு பேர்!" என்று சபையில் கர்ஜித்தார் ராஜா. "என் சோற்றைத் தின்று தொழில் பழகி, அவனுக்குப் போய்ப் பீரங்கி வார்க்கிறார்களா?"

வார்ப்புக் களம் படைத்தலைவரான தளவாய் கோளரியாரின் பொறுப்பில் இருந்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "ஏழு பேரும் நன்றி கெட்டு ஓடிவிட்டார்கள், மகாராஜா. நானும் எவ்வளவோ பார்த்துப் பார்த்துத்தான் வைத்திருந்தேன்" என்றார்.

முதல் மந்திரியான பிரதானி சேந்தனார் மெல்ல எழுந்தார். யோசனை சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த யோசனையால் அவர் உடம்புக்கு மட்டும் ஒருநாளும் வலி வந்ததில்லை. "மாட்டுக்குச் சூடு போடுகிறோம், மகாராஜா. எவன் மாடு என்று எவனும் கேட்பதில்லை. அதுபோல ஆசாரியின் வலது தோளில் ராஜமுத்திரையைக் காய்ச்சிப் போட்டுவிட்டால், எந்த ராஜா அவனைச் சேர்த்துக்கொள்வான்?"

ஓரத்தில் நின்றிருந்த, சபையைச் சிரிக்க வைக்கிற விகடன் வயிரவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் மாட்டுத் தரகர் மகன். சந்தைக்கூச்சலில் வளர்ந்தவன். "பிரதானியார் சந்தைப் பக்கமே போனதில்லை போலிருக்கிறது. அரண்மனைச் சூடு போட்ட மாட்டுக்கு விலை இரட்டிப்பு ஆகும், மகாராஜா. நல்ல தீனி தின்ற உருப்படி என்று அதுவே சாட்சி" என்றான்.

சபை கொல்லென்று சிரித்தது. பிரதானிக்கு முகம் கறுத்தது. ராஜாவின் கிறுக்குத்தனங்களை நாசூக்காகக் குத்திக்காட்டியே பேர் வாங்குகிற இவன்மேல் அவருக்கும் தளவாய்க்கும் நெடுநாள் எரிச்சல்.

"மாட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்த விகடரே சூட்டுக்கோலைப் பிடிக்கட்டும், மகாராஜா" என்றார் பிரதானி. "நமக்கு ஏன் அந்தப் பாவம்?"

ராஜா கோபத்தில் இருந்தார். "அப்படியே ஆகட்டும். கேள், வயிரவா! எவன் போனால் இந்த ராஜ்யத்துக்கு ஈடுகட்ட முடியாத நஷ்டமோ, அவன் தோளில் நாளைக் காலைச் சபையில் முத்திரை ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் உன் தலை இறங்கும்."

வயிரவன் தன் கழுத்தைத் தடவிக்கொண்டான். ஆனாலும் பழக்கம் விடவில்லை. "உத்தரவை அப்படியே ஓலையில் எழுதித் தரச் சொல்லுங்கள், மகாராஜா. பெரிய நஷ்டத்திலிருந்து தொடங்கட்டுமா, சின்ன நஷ்டத்திலிருந்தா?"

"பெரியதிலிருந்துதான்! அதையும் எழுதிக்கொள்!"

தளவாயும் பிரதானியும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள்.

அன்று பகலிலேயே வயிரவன் வார்ப்புக் களத்துக்குப் போனான். உலை அணைந்து கிடந்தது. புதிய அச்சு ஒன்று பச்சை மண்ணாக நின்றது. உலகநாத ஆசாரி அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வயிரவரே. சேதி வந்துருச்சு" என்றார் திரும்பாமலே. "தோள்ல போட்டா ஒரு மாசம் கை தூக்க முடியாது. சீழ் வச்சா கையே போயிரும். அப்புறம் நான் எங்க போனா யாருக்கென்ன?"

"நீங்களும் அக்கரைக்குக் கிளம்பியிருக்கலாமே, ஆசாரியாரே? அந்த ஏழு பேரைப் போல?"

ஆசாரி இப்போதுதான் திரும்பினார். "ஓடினது நாலு பேருங்க. மூணு பேரு இங்கதான் இருக்காங்க." களத்துக்கு நடுவே மண் தள்ளி மூடியிருந்த குழியைக் கண்ணால் காட்டினார்.

வயிரவனின் கால்கள் தாமாகவே ஓரடி பின்னால் போயின.

"ஒரு அச்சு காய நாப்பது நாள் வேணும்" என்றார் ஆசாரி. "தளவாய் பத்தாம் நாளே ஊத்துங்கடான்னாரு. மகாராஜாவுக்கு நாள் குறிச்சுக் குடுத்துட்டாராம். உள்ள ஈரம் இருக்கு சாமின்னு கால்ல விழுந்தோம். ஈரத்து மேல உருக்கின வெண்கலம் விழுந்தா என்ன ஆகும்? அச்சு வெடிச்சுது. என் தம்பி குமாரசாமிதான் கிட்ட நின்னான். அதைப் பார்த்த பிறகுதான் அந்த நாலு பேரும் ஆத்தைத் தாண்டுனாங்க. ஓட்டு வீட்டுக்கா போனாங்க?"

"தளவாய் ஏழு பேரும் ஓடினார்கள் என்கிறாரே?"

"அப்படித்தான் சொல்லணும்னு உத்தரவு. தம்பி பொண்டாட்டி அழுதா. 'ஓடிப்போனவனுக்கு எவளாவது தாலி அறுப்பாளாடி'ன்னு கேட்டாரு. அவ இன்னமும் பூ வச்சுக்கிட்டுத்தான் தண்ணிக்குப் போறா, வர்றா." ஆசாரியின் குரல் உடையவில்லை. அதைத்தான் வயிரவனால் தாங்க முடியவில்லை. "இதை வாயால சொல்லமாட்டேன்னு என் புள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு. ராஜா கேட்டாலும் சொல்ல முடியாது. உங்ககிட்டச் சொன்னதே தப்பு. நீங்க சூடு போடமாட்டீங்க, சாகப்போற ஆளுன்னுதான் சொன்னேன்."

"நல்ல மனசு உங்களுக்கு" என்றான் வயிரவன். வேறு நேரமாக இருந்தால் அவனே அதற்குச் சிரித்திருப்பான்.

தளவாயின் சொல்லுக்கு எதிராகத் தன் சொல் சபையில் நிற்காது என்று அவனுக்குத் தெரியும். ஆசாரியோ வாயைத் திறக்க முடியாது. திரும்பி நடக்கும்போது தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தவன், துண்டையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெயிலில் நின்றான்.

மறுநாள் காலைச் சபையில் கணப்புச் சட்டி தகதகவென்று எரிந்தது. சூட்டுக்கோலின் முனையில் ராஜமுத்திரை பழுக்கக் காய்ந்திருந்தது. உலகநாத ஆசாரி வெற்றுத் தோளோடு நின்றார். வயிரவன் ஓலையை உரக்கப் படித்துவிட்டு, கோலை எடுத்துக்கொண்டு ஆசாரியைத் தாண்டி நேரே பிரதானியின் ஆசனத்துக்குப் போனான்.

"மேலங்கியைக் கழற்றுங்கள், பிரதானியாரே. வலது தோள்."

"என்ன விளையாட்டு இது?"

"உத்தரவில் ஆசாரி என்ற பேச்சே இல்லையே? எவர் போனால் ஈடுகட்ட முடியாத நஷ்டமோ, அவர். பெரிய நஷ்டத்திலிருந்து தொடங்கு என்பது மகாராஜாவின் வாக்கு. இந்த ராஜ்யத்தின் மூளையே தாங்கள்தான் என்று போன வெள்ளிக்கிழமைகூடத் தாங்களே சொன்னீர்கள். கழற்றுங்கள், கோல் ஆறிவிடும்."

பிரதானி ராஜாவைப் பார்த்தார். ராஜா தாடையில் கைவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கோல் நெருங்கியது. பட்டு அங்கியின் ஓரம் பொசுங்கிய வாசனை வந்தது.

"நான் போனால் அப்படியொன்றும் பெரிய நஷ்டம் இல்லை!" என்றார் பிரதானி அவசரமாக. "வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்!"

"ஓலை எழுதுகிறவருக்குக் காது மந்தம். சத்தமாக."

"நஷ்டம் இல்லை! நஷ்டமே இல்லை!"

"எழுதிக்கொள்ளுங்கள்" என்று வயிரவன் தளவாய் பக்கம் திரும்பினான். "தளவாய் கோளரியாரே! தாங்கள் இல்லாமல் இந்தக் கோட்டை ஒரு நாள் தாங்குமா?"

தளவாய் வாளில் கைவைத்தார். அதற்குள் சூட்டுக்கோல் அவர் காதருகே வந்துவிட்டது. போர்க்களத்தில் அவர் எப்போதும் கடைசி யானையின் மேல் இருந்துதான் பழக்கம். "என்னைப் போல நூறு பேர் கிடைப்பார்கள்! நான் போனால் ஒன்றும் குறையாது!" என்று அலறினார்.

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் பழையபடி இறுகியது. "போதும், வயிரவா. இப்போது ஆசாரி. அவன் போனால் எனக்கு நஷ்டம்தானே?"

"சந்தேகமே இல்லை, மகாராஜா. ஆனால் சரக்குக்குச் சூடு போடுவதற்கு முன்னால் விலை பேச வேண்டாமா? மாட்டுச் சந்தையில் ஊர் காதில் விழக்கூடாது என்றால் துண்டுக்கடியில் கைகோத்து, விரலைப் பிடித்துப் பேசுவோம். எத்தனை விரல் பிடிக்கிறானோ அத்தனை. வாயே திறக்க வேண்டாம்." வயிரவன் தன் துண்டை நீட்டினான். "அக்கரைக்காரன் அப்படி என்னதான் கொடுக்கிறான் என்று தாங்களே கேளுங்கள்."

ராஜாவுக்கு இது புதுசு. புதுசு என்றால் அவருக்கு ஆசை. இறங்கி வந்து துண்டுக்கடியில் கையை நீட்டினார். ஆசாரியின் கை அவர் கையைத் தொட்டது. உரல் மாதிரி காய்த்த கை அது. இரண்டு விரல்கள் நுனியில் வெந்து ஒட்டிப் போயிருந்தன. ராஜா திடுக்கிட்டார், ஆனால் கையை எடுக்கவில்லை.

"அக்கரையில் எத்தனை ஆயிரம் வராகன் கூடுதல்?"

ஆசாரி எந்த விரலையும் பிடிக்கவில்லை. ராஜா வயிரவனைப் பார்த்தார்.

"ஒன்றுமில்லை என்று அர்த்தம்" என்றான் வயிரவன். "இனி நாள் கணக்கைக் கேளுங்கள், மகாராஜா. அச்சு காய எத்தனை பத்து நாள் வேண்டும்?"

ராஜா கேட்டார். நான்கு விரல்கள் பிடிபட்டன.

"போன வார்ப்புக்குத் தளவாய் கொடுத்தது எத்தனை?" என்று அடுத்த கேள்வியை எடுத்துக் கொடுத்தான் வயிரவன்.

ஒரு விரல். தளவாய் ஏதோ சொல்ல எழுந்தார். ராஜா அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தார்.

"ஓடிப்போனவர்கள் என்று கணக்குச் சொன்ன ஏழு பேரில், அந்த வார்ப்பில் செத்தவர்கள் எத்தனை?" என்றான் வயிரவன்.

துண்டு லேசாக அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது விரலைப் பிடித்த கை அதை விடவே இல்லை.

"ஏன் விடமாட்டேன் என்கிறார்?" என்றார் ராஜா. குரல் தாழ்ந்திருந்தது.

"அந்த விரல் அவர் தம்பி, மகாராஜா."

ராஜா துண்டை விலக்கிவிட்டு, தளவாயின் வாளைத் தளவாயின் இடுப்பிலிருந்தே உருவினார். கோளரியார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

தலை உருண்டால் அடுத்த தளவாய் வருவார், அவருக்கும் ராஜா நாள் குறிப்பார் என்று வயிரவனுக்குத் தோன்றியது. ராஜாவின் மனசைத் திருப்ப அவனிடம் வேடிக்கைப் பேச்சு என்ற ஒரே சரக்குதான் இருந்தது. அதை எடுத்து விரித்தான். "இவரை ஏன் வீணாக்குகிறீர்கள், மகாராஜா? அக்கரைக்கு இனாமாக அனுப்பி வையுங்கள். இங்கிருந்து எவர் போனாலும் இரட்டைச் சம்பளம் கொடுத்து எடுத்துக்கொள்கிற ராஜா அவர். வார்ப்புக் களத்தை இவர் கையில் கொடுத்துவிடுவார். அப்புறம் பாருங்கள், அங்கே போனவர்கள் தாமாக இங்கே ஓடிவருவார்கள். போனால் நஷ்டம் இல்லை என்று தளவாயே சபையறியச் சொல்லியிருக்கிறார்!"

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், தூண்களெல்லாம் அதிர்ந்தன. வாள் கீழே விழுந்தது. "அனுப்பு இவனை! பல்லக்கிலேயே அனுப்பு!" என்றார். இனி எந்த அச்சும் நாற்பது நாளுக்கு முன் தொடப்படாது, எந்தத் தோளிலும் சூடு ஏறாது என்றும் உத்தரவாயிற்று. வயிரவனுக்கு அங்கேயே சரிகைச் சால்வை விழுந்தது. அன்று சாயங்காலம் குமாரசாமியின் வீட்டில் முதல்முறையாக வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது.

வயிரவன் சால்வையோடு களத்துக்குப் போனான். ஆசாரி கும்பிட்டார். பிறகு கேட்டார்:

"தளவாயை அங்க அனுப்பிட்டீங்களே வயிரவரே. நம்ம நாலு பேரும் அங்கதானே உலையில நிக்கிறாங்க?"

வயிரவன் பரிசல் துறைக்கு ஓடினான். பல்லக்கு இன்னும் கிளம்பவில்லை. சால்வையைப் பரிசல்காரன் கையில் திணித்து, "முந்திப் போ. நாலு ஆசாரிகளையும் பார்த்து, வருகிறவன் ஊற்றச் சொன்னால் ஊற்றாதீர்கள், திரும்பி வந்துவிடுங்கள், இங்கே நாற்பது நாள் கிடைக்கும் என்று சொல்" என்றான்.

முப்பதாம் நாள் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். செய்தி நான்கு பேருக்கும் போய்ச் சேர்ந்ததாம். இரண்டு பேர் நம்பினார்கள். மற்ற இரண்டு பேர், "விகடன் சொல்லியனுப்பினானா? நல்ல வேடிக்கை!" என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போனார்களாம். அக்கரை அச்சு பன்னிரண்டாம் நாள் வெடித்ததாம். அந்த இரண்டு பேரும் கிட்டேயே நின்றார்களாம்.

ராஜா முழுவதையும் கேட்கவில்லை. இரண்டு பேர் திரும்பிவிட்டார்கள், அக்கரைப் பீரங்கி நாசமாயிற்று என்ற அளவில் கேட்டுவிட்டு, "உன் வாக்குப் பலித்ததடா, வயிரவா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். தம் கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றி அவன் கையில் தாமே போட்டார். பிரதானி சிரித்தார். சபையே சிரித்தது.

சிரிப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். வயிரவனும் சிரித்தான்.