சூடாகாத சிப்

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் தராசு மெஷின் செய்கிற கம்பெனியில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவருக்கும் சொந்த ஊர் ஒன்றே. எந்த ஊர் என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம்.

மூவரில் தலைமை சடையப்பன். அடுத்த மாதம் கல்யாணம். பெண் வீட்டில் 'பெரிய இன்ஜினியர்' என்று சொல்லியாகிவிட்டது. கூட மாகாளி, தனக்கொடி.

காய்கறி மண்டிக்குப் புது மெஷின். தராசு, கீபோர்டு, பில் அடிக்கிற பிரிண்டர் என்று மூன்று வயர். செருகுவதற்கு யுஎஸ்பி ஓட்டை ஒன்றுதான். ஒன்றைப் பலவாக்கித் தருகிற ஹப் சிப் ஒன்றைப் பொறுக்கிப் போட வேண்டும்.

"சூடாகாத சிப்பாப் பாத்துப் போடுங்க. திங்கக்கிழமை மண்டி நாச்சிமுத்து வர்றாரு. பில் வரலீன்னா, சடையப்பா, உனக்கு இங்க வேலையில்ல" என்று ஒரு டப்பா சிப்பைக் கொடுத்துவிட்டு முதலாளி பழநிக்குப் போனார்.

ஒவ்வொரு சிப்பாக மாட்டி, கரண்ட் கொடுத்து, மாகாளி கட்டைவிரலை வைத்துப் பார்த்தான்.

"லேசா வெதுவெதுங்குதுங்கண்ணா."

"லேசான சூடு சூடில்லையா?" என்றான் சடையப்பன்.

"சூடுதானுங்க."

"தூக்கிப் போடு."

கடைசிச் சிப்பின்மேல் விரல் இருக்கும்போது கரண்ட் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து மாகாளி முகம் மலர்ந்தான். "ஜில்லுனு இருக்குங்கண்ணா."

கரண்ட் வந்தது. மறுபடி சூடு.

சடையப்பன் நெடுநேரம் யோசித்தான். "சிப்பு மேல தப்பில்ல. கரண்டுதான் அதக் கெடுக்குது."

"நல்ல சிப்புங்க, சேர்க்கை சரியில்ல" என்றாள் தனக்கொடி.

சிப்புக்குக் கரண்ட் வருகிற வயரை மட்டும் வெட்டிவிட்டு, அந்தச் சிப்பையே மெஷினில் போட்டார்கள். இரண்டு நாள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். குளிர்ந்தே கிடந்தது.

திங்கட்கிழமை நாச்சிமுத்து தராசில் தக்காளியை வைத்தார். மெஷின் மூச்சு விடவில்லை.

"என்னப்பா, பில்லக் காணோம்?"

சடையப்பனுக்குக் கல்யாணப் பந்தல் சரிவது தெரிந்தது. மெஷினுக்குப் பின்னால் பாய்ந்து, வயர்களை ஹப்பிலிருந்து பிடுங்கினான். அந்த ஒற்றை ஓட்டையில் தராசைச் செருகினான்; எடை வந்தது. பிடுங்கிக் கீபோர்டைச் செருகினான், விலை பதிந்தது. பிடுங்கிப் பிரிண்டரைச் செருகினான், பில் வந்தது.

நாச்சிமுத்து கத்திரிக்காயை வைத்தார். பிறகு பூசணியை. சடையப்பன் செருகினான், பிடுங்கினான்.

"கணக்குப் பிசகலியே. நாளைக்கே மண்டிக்கு அனுப்பிருங்க. பின்னால இருக்கிற தம்பியும் சேத்துத்தானே?"

"சேத்துத்தானுங்க" என்றான் சடையப்பன். வேலை பிழைத்தது.

அவர் போனதும் மாகாளி அவன் நெற்றியில் கட்டைவிரலை வைத்தான். முகம் வாடியது.

"அண்ணா, சூடாயிட்டீங்க."

சூடாகிறதைப் போடக் கூடாது என்பது முதலாளி வாக்கு.

"கரண்ட நிறுத்தினா ஆறிரும்னு நாமதானுங்களே கண்டுபிடிச்சோம்" என்றாள் தனக்கொடி.

சடையப்பன் தன் சோற்றுப் போசியை அவளிடம் நீட்டினான். அவள் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

சாயங்காலம் மாகாளி மறுபடி தொட்டுப் பார்த்தான். "இன்னும் லேசாச் சூடு இருக்குங்கண்ணா."

"டீயையும் நிறுத்து" என்றான் சடையப்பன்.