வயிறு வாயை மூடிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில் மரமும் மாடும் மட்டுமா பேசின? மனிதர் வயிற்றுக்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பேசும். அப்பப்பா, என்ன இரைச்சல்! "இன்றைக்கும் கத்தரிக்காயா?" என்று ஒன்று முணுமுணுக்கும். "மோர் எங்கே?" என்று இன்னொன்று அதட்டும். வடிவம்மை வயிற்றில் இருந்த கூட்டத்துக்குப் புளிச்சிதான் தலைவி. வாயாடி என்றால் அப்படியொரு வாயாடி.

வடிவம்மைக்கு மார்பில் புற்று வந்தது. வைத்தியர் மலைமரப் பட்டையைக் காய்ச்சிக் கொடுத்தார். மருந்து புற்றைக் கரைத்தது. கூடவே வயிற்றுக்குள் புகுந்து புளிச்சியின் சனத்தில் பாதியை வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவர்கள் சும்மா இருப்பார்களா? "ஐயோ, நெருப்பு! நெருப்பு!" என்று கூப்பாடு போட்டார்கள். நரம்புகள் அதை நம்பி விரல் நுனிவரை சேதி கொண்டுபோயின. வடிவம்மைக்குக் கையும் காலும் எரிந்தன. எரிச்சலோடு தொடு உணர்வும் மரத்துப் போனது.

ஒருநாள் புருஷன் ஆண்டியப்பன் பதறினான்.

"ஏ வடிவு! பிள்ளைக்கு உடம்பு கொதிக்குதே, தொட்டுப் பாக்கலையா?"

"தொட்டேனே மாமா... சூடா குளிரான்னு தெரியலையே!" அவள் விம்மினாள். "பெத்த பிள்ளையைத் தொட்டும் தெரியாத கை எதுக்கு? இனி மருந்தே வேண்டாம்."

கடைசி வேளை மருந்து பாக்கி இருந்தது. அதை விட்டால் புற்று திரும்பும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். உள்ளே புளிச்சிக்குத் திக்கென்றது.

"அடப் பாவிகளா, நம்ம கூச்சல்தான் அவள் கையைச் சுடுது!" என்று கிசுகிசுத்தாள். "வாந்தியெடுத்த வாயோடு கஞ்சி குடிச்சு நம்மைக் காப்பாத்தினவ. அவளைச் சாக விடலாமா? இனி ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது."

விழுங்கிய குரல் திரும்பி வராது என்று தெரிந்தே, முதலில் தன் குரலை விழுங்கினாள். மற்றவர்களும் விழுங்கினார்கள். எரிச்சல் தணிந்தது. வடிவம்மை கண்ணை மூடிக்கொண்டு கடைசி மருந்தைக் குடித்தாள். உள்ளே எத்தனையோ பேர் மடிந்தார்கள். ஒரு முனகல்கூட இல்லை.

புற்று ஒழிந்தது. விரல்களுக்கு மெல்ல மெல்ல உணர்வு வந்தது. ஒரு காலையில் பிள்ளையின் நெற்றியில் கை வைத்தவள், "ஐயா, காய்ச்சல் இல்லை! தெரியுது, எனக்குத் தெரியுது!" என்று சிரித்துக்கொண்டே அழுதாள். உடனே வயிற்றைப் பார்த்துக் கேட்டாள்: "புளிச்சி, ஏண்டி சத்தமே காணோம்?"

புளிச்சி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கூச்சல் நின்ற அன்றுதானே எரிச்சலும் நின்றது? வடிவம்மைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "எனக்காகவா!" என்றாள். அந்தக் கையாலேயே வயிற்றை மெல்லத் தடவிக்கொடுத்தாள். அந்தச் சூட்டில் புளிச்சி மனம் நிறைந்து கிடந்தாள்.

அன்று முதல்தான் வயிற்றில் இருப்பவர்கள் வாய் திறப்பதில்லை; நாமும் வயிறாரச் சாப்பிட்டதும், யாரும் சொல்லித்தராமலே, வயிற்றைத் தடவிக்கொடுக்கிறோம்.