மெத்தனம் பிறந்த ஏரிக்கரை

தமிழில் எல்லாச் சொற்களும் பிறந்து முடியாத காலம் அது. அப்போது ஒரு பெரிய ஏரி இருந்தது. அதற்கு ஒரு காவற்காரன். பெயர் சாத்தன்.

மழைக்காலம் வந்தால், ஒரு நாளைக்கு மூன்று தரம் அவன் கரையின் வெளிச்சரிவில் வெறுங்காலோடு நடப்பான். நண்டு வளை வழியாகக் கசியும் நீர் கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்காலுக்குத்தான் தெரியும். குளிர்ந்தால் கசிவு, அமுங்கினால் ஆபத்து. முப்பது மழைக்காலம் கரை உடையவில்லை.

ஊர் கூடிப் பரிசு கொடுத்தது. என்ன பரிசு? பஞ்சு வைத்துத் தைத்த மான்தோல் செருப்பு.

"க்கும்... இந்தக் கால் இனி மண்ணை மிதிக்கலாமோ? க்கும்" என்றார் ஊர்த்தலைவர்.

போட்டுக்கொண்டான் சாத்தன். சோறு தின்னும்போது மட்டும்தான் கழற்றுவான்.

அவன் தங்கை கொற்றியின் குடிசை கரையடியில் இருந்தது. தொட்டிலில் ஆறு மாதப் பிள்ளை. அந்த வருஷம் பிடித்த மழை விடவே இல்லை.

முதல் நாள் குடிசைத் தரை ஈரித்தது. கொற்றி ஓடினாள். "அண்ணே, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நடை நடந்து பாரேன்."

"இப்போதுதானே நடந்து வந்தேன்? மெத்தென்று இருக்கிறது, போ."

இரண்டாம் நாள் அடுப்புக்குள் நீர் ஊறியது. மறுபடி ஓடினாள்.

"உனக்கு அடுப்பு மூட்டத் தெரியாவிட்டால் ஏரி என்ன செய்யும்? மெத்தென்று இருக்கிறது, போ."

மூன்றாம் நாள் தொட்டிலின் கீழே ஒரு குட்டி நண்டு ஊர்ந்தது. கொற்றி பிள்ளையை அள்ளிக்கொண்டாள். தலைவரிடமே ஓடினாள்.

"க்கும்... முப்பது மழை, அம்மா. முப்பது மழை" என்றார் அவர்.

இனி யாரிடம் போவாள்? பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அவன் உள்ளே சோறு பிசைந்துகொண்டிருந்தான். வாசலில் கிடந்த செருப்பைத் தூக்கிக்கொண்டு கரைச்சரிவில் ஓட்டம் பிடித்தாள்.

"அடி கழுதை, கொடுடி அதை." எச்சில் கையோடு துரத்தினான் சாத்தன்.

கொற்றியின் குடிசைக்கு நேர் மேலே வந்ததும் அவன் கால் கணுக்கால்வரை புதைந்தது. குளிர் உச்சந்தலைக்கு ஏறியது. அப்படியே நின்றான். அவன் குரல் தாழ்ந்துவிட்டது.

"கொற்றி, பிள்ளையோடு மேட்டுக்குப் போ. திரும்பிப் பார்க்காதே."

பறை முழங்கியது. ஊரே வைக்கோலும் களிமண்ணும் சுமந்து வந்தது. மாலைவரை அடைத்தார்கள். கரை நின்றது. கொற்றியின் குடிசை நிற்கவில்லை. ஊறிப்போன சுவர் கண்ணெதிரே சரிந்தது, வெறுந்தொட்டில்மேல்.

"எப்படியப்பா உனக்குத் தெரியாமல் போயிற்று?" என்றார் தலைவர். இம்முறை செருமவில்லை.

"எல்லாம் மெத்தென்று இருந்ததையா" என்றான் சாத்தன்.

அன்றுமுதல் அந்த ஊரார் இப்படி அசந்துபோகும் நிலைக்கு மெத்தனம் என்று பெயர் வைத்தார்களாம்.

நேற்றுவரை காத்தேன் என்று தன்னை மெச்சிக்கொண்டிருப்பவன், இன்று காக்க வேண்டியதைக் கோட்டை விடுவான்.