கண்ணாடிக்குள் ஒரு பெயர்

ஓர் அலுவலகத்தில் ஒரு பெயர்ப்பலகை இருந்தது. பார்வையில்லாத ஜெசிந்தா அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கென்றே செய்தது. பிரெய்ல் புள்ளிகளில் அவள் பெயரைச் சுமந்துகொண்டு, அவள் விரல் எப்போது வந்து தொடும் என்று அது காத்திருந்தது.

மேலாளர் நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கை பட்டால் அழுக்காகிவிடும் என்று பலகைக்குக் கண்ணாடி போட்டு, ஜெசிந்தாவின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டினார். வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அவளிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"கொஞ்சம் விலகிக்கோயேன்," என்று பலகை கண்ணாடியிடம் கெஞ்சியது. "அவ தொட்டாத்தான் நான் பேரு. இல்லைன்னா வெறும் புள்ளி."

"உன் நல்லதுக்குத்தான் இருக்கேன். உனக்கு இங்க என்ன குறை?" என்றது கண்ணாடி.

மேசைமேல் இருந்த கணினிக்கு இது பழகிப்போன பேச்சு. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டுக் கொடுங்கள் என்று ஜெசிந்தா கேட்டுக்கொண்டே இருந்தாள். உங்களுக்கு எதுக்கும்மா சிரமம், சும்மா இருங்க என்று எல்லோரும் அன்பாகச் சொன்னார்கள். நேரத்துக்கு டீ வந்தது, வேலை வரவில்லை. தகுதிகாண் பருவத்துக்குள் வேலை செய்து காட்டாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். வாய் திறக்க வழியில்லாத கணினிக்கும் தெரியும்.

"உனக்குப் போட்ட கண்ணாடியாவது வெளிய தெரியுது," என்று பலகையிடம் சொன்னது சுவரோரம் சாய்ந்திருந்த அவளுடைய வெள்ளைக்கோல். "அவளுக்குப் போட்டது யாருக்கும் தெரியல."

கடைசி நாளும் வந்தது. மேலாளர் உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

"இத்தனை மாசத்துல ஒரு வேலையும் முடிக்கலையேம்மா."

"ஒரு வேலையாவது குடுத்தீங்களா சார்?"

ஜெசிந்தா எழுந்து கோலுக்காகச் சுவரைத் தடவினாள். விரல் கண்ணாடியில் பட்டது. பலகை தன் புள்ளிகளையெல்லாம் எக்கி எக்கிப் பார்த்தது. பாவம், எட்டவில்லை.

"என்ன சார் இது, சாமி படமா?"

"உங்க பேரும்மா. பிரெய்ல்ல. உங்களுக்காகவே செஞ்சது."

அவள் அந்த வழவழப்பின்மேல் ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு கோலை ஊன்றிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கண்ணாடியில் அவள் விரல் தடம் இருந்தது. மேலாளர் கைக்குட்டையை எடுத்து அதைச் சுத்தமாகத் துடைத்தார்.