கழுத்தில் தொங்கிய தங்கப்பழம்

கோவில்பட்டியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மாடியில், நாலு பேர் சேர்ந்து மூன்று வருஷமாக ஒரே ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். அதன் பெயர் ‘ஆடு வீடு சேர்’. காணாமல் போன ஆட்டைத் தேடிப் பிடித்து வீட்டுக்கு ஓட்டிவர வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. மூன்று வருஷத்தில் அதை விளையாடிய ஆட்கள் அந்த நாலு பேர் மட்டுமே. அதிலும் சங்கிலிக்கு இன்னும் ஆடு கிடைக்கவில்லை.

நாலு பேருக்கும் தலைவன் தங்கப்பழம். மாடியில் இருந்த ஒரே நாற்காலி அவனுடையது என்பதால் தலைவன் ஆனான். மற்ற மூவர் சங்கிலி, பூவலிங்கம், செல்வக்கொடி. இந்த மூவரில் அறிவாளி யார் என்று கேட்காதீர்கள், அவர்களுக்குள்ளேயே அது இன்னும் தீரவில்லை.

தங்கப்பழத்துக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவன் மாமனார் பிச்சைக்கனிக்குத் திண்டுக்கல்லில் வெங்காய மண்டி. மாப்பிள்ளையைக் கல்யாணத்தன்று மாலையும் தலைப்பாகையுமாகப் பார்த்ததோடு சரி, அப்புறம் எல்லாம் போன் பேச்சுதான். “ஆடு மேய்ச்சது போதும், மண்டிக்கு வாங்க மாப்ளே” என்று மூன்று வருஷமாகச் சொல்லிப் பார்த்தவர் கடைசியில் ஒரு கெடு வைத்தார். சென்னையில் நடக்கிற கேம் கண்காட்சியில் ஏதாவது கம்பெனி அந்த ஆட்டை எடுத்துக்கொண்டால் சரி. இல்லாவிட்டால், கோயம்பேட்டில் வெங்காயம் இறக்கிவிட்டுத் திரும்பும் அவருடைய லாரி சாயங்காலம் ஆறு மணிக்குக் கண்காட்சி வாசலில் வந்து நிற்கும். மாப்பிள்ளை பேசாமல் ஏறிக்கொள்ள வேண்டும்.

தங்கப்பழம் சரியென்று சொல்லிவிட்டான். ஆனால் மனசு அடித்துக்கொண்டது. ஆம்லெட் வாசனை வந்தாலே கண் கலங்குகிற ஆள் அவன். ஆயுசு முழுக்க மூட்டை மூட்டையாக வெங்காயத்தின் நடுவே உட்கார்ந்தால் என்ன ஆவான், சொல்லுங்கள்.

கண்காட்சி நடத்துகிற ரெஜினா மேடத்துக்குப் போன் போட்டு யோசனை கேட்டான்.

“சார், இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு நேர்ல வர்றதே பெரிய விஷயம்” என்றார் மேடம். “ஆனா வந்துட்டு உங்க ஸ்டால்லயே உட்கார்ந்திருக்காதீங்க. மத்தவங்க ஸ்டாலுக்குப் போங்க, விளையாடுங்க, மனசாரப் பாராட்டுங்க. சின்னக் கம்பெனிங்க ஒருத்தருக்கொருத்தர் கை கொடுத்தாத்தான் இந்தத் தொழில் நிக்கும். உங்ககிட்ட வர்றவங்களை நல்லா கவனிச்சுக்குங்க. கேம் வெளியிடுற கம்பெனியிலிருந்து நிரஞ்சன்னு ஒருத்தர் வருவார். அவர் அட்டையோட ஒரு பச்சை முத்திரையும் தொங்கும். அது உங்க படிவத்துல விழுந்துட்டா உங்க கேமை எடுத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். கழுத்து அட்டையை மட்டும் மறந்துடாதீங்க. அங்க யார் யாருன்னு அதைப் பார்த்துத்தான் தெரியும்.”

அத்தனையையும் தங்கப்பழம் முழங்கை வரைக்கும் பேனாவால் எழுதிக்கொண்டான். கண்காட்சி முடிகிற வரைக்கும் கை கழுவவில்லை.

“விசேஷ வீட்டுக்கு வெறுங்கையை வீசிக்கிட்டுப் போறதா?” என்றாள் செல்வக்கொடி.

அது நியாயமாகப் பட்டது. பதினோரு தாம்பாளம், அதில் கடலைமிட்டாய், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம். கண்காட்சி மண்டபத்துக்குள் நாலு பேரும் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நுழைந்தபோது, வாசல் செக்யூரிட்டி பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டார். கேம் வீடு என்றான் பூவலிங்கம்.

மண்டபத்தில் நாற்பத்திரண்டு ஸ்டால். தங்கள் ஸ்டாலில் கம்ப்யூட்டரை வைத்த கையோடு நாலு பேரும் மற்ற ஸ்டால்களுக்குக் கிளம்பிவிட்டார்கள். சங்கிலி ஒரு கார் பந்தயத்தில் உட்கார்ந்தான். பின்னால் வந்த அத்தனை காருக்கும் ஒதுங்கி வழிவிட்டு, எல்லோரும் போய்ச் சேர்ந்தார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் எழுந்தான். பூவலிங்கம் பேய்களைச் சுடுகிற விளையாட்டில் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டான்.

“சுடுங்க சார், மேல விழுந்து கடிக்குது” என்றார் அந்த ஸ்டால்காரர்.

“உங்க வீட்டுக்கு வந்து உங்க ஆளையே சுடுறதா? கடிச்சா கடிச்சுட்டுப் போகட்டும்.”

இப்படி மத்தியானம் வரைக்கும் பாராட்டிவிட்டுத் திரும்பினால், பக்கத்து ஸ்டால்காரர் கோபமாக நின்றார். முப்பது பேர் வந்தார்களாம், ஆளில்லை என்று போய்விட்டார்களாம். தங்கப்பழத்துக்கு மூக்கில் வெங்காய நெடி ஏறுகிற மாதிரி இருந்தது.

“இங்கே இருந்தா மேடம் சொன்னதை மீறினதா ஆகும்” என்றான்.

“இல்லாட்டி வர்றவங்க திரும்பிப் போறாங்களே” என்றான் பூவலிங்கம்.

சங்கிலி நெடுநேரம் யோசித்தான். “மேடம் உட்காரக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? படுத்துக்கலாமில்ல?”

இதற்குமேல் ஒரு தீர்வு யாருக்குத் தோன்றும்? நாலு பேரும் மேஜைக்கு அடியில், விரிப்பு மறைக்கும்படி, வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள்.

மூன்று மணிக்கு ஒரு ஜோடி ஷூ வந்து நின்றது. “யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டது. விரிப்புக்கு அடியிலிருந்து நாலு தலைகள் வாங்க வாங்க என்றபடி வெளியே வந்தன. அந்த மனிதர் இரண்டடி பின்னால் போனார். அவர் கழுத்தில் நிரஞ்சன் என்று அட்டை, அதன் பக்கத்தில் பச்சை முத்திரை.

ஸ்டாலில் இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்காரவைத்து, கடலைமிட்டாய் கொடுத்து, ஊர், பிள்ளைகள், சர்க்கரை வியாதி எல்லாம் விசாரித்தார்கள். அவரும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, “சரி, விளையாடிப் பார்க்கிறேன்” என்று கையை நீட்டினார். பூவலிங்கம் பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வீடு தேடி வந்தவரை ஆடு மேய்க்க விடுறதா? நீங்க சும்மா இருங்க சார். நாங்க மேய்க்கிறோம், நீங்க பாருங்க.”

“நான் விளையாடாம எப்படிங்க முத்திரை குத்துறது?”

நாலு பேரும் ஓரமாகப் போய்க் கூடினார்கள்.

“விருந்தாளியை வேலை வாங்கக் கூடாது. அது குடும்பத்துக்கே அசிங்கம்” என்றாள் செல்வக்கொடி.

“யாரை வேலை வாங்கலாம்?” என்றான் சங்கிலி.

“என்னை வாங்கலாம்” என்றான் தங்கப்பழம், மண்டியை நினைத்துப் பெருமூச்சு விட்டபடி. “என்னை யாரு வேணும்னாலும் வாங்கலாம்.”

“அப்போ அவரைத் தங்கப்பழம் ஆக்கிட்டா?” என்றான் சங்கிலி.

தங்கப்பழம் முழங்கையைத் திருப்பிப் படித்தான். யார் யாரென்று அட்டையைப் பார்த்துத்தான் தெரியும் என்று மேடமே சொல்லியிருந்தார். போய் நிரஞ்சன் கழுத்திலிருந்ததை முத்திரையோடு கழற்றித் தான் போட்டுக்கொண்டு, தன்னுடையதை அவர் கழுத்தில் மாட்டினான். அவர் சிரித்தார். ஏதோ புதுமாதிரி விளம்பரம் என்று நினைத்திருப்பார், பாவம்.

பிறகு விளையாடினார். ஆடு அவருக்கு வேலிக்குள் அகப்பட்டது, கிணற்றடியில் தப்பியது, கடைசியில் பஞ்சாயத்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது பிடிபட்டது. மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். “பிரமாதம். மூணு வருஷத்துல இப்படி ஒண்ணு நான் பார்க்கல. படிவத்தை எடுங்க, அந்த முத்திரையைக் குடுங்க.”

“அது நிரஞ்சன் சாரோடது” என்றான் பூவலிங்கம் கண்டிப்பாக. “நீ தங்கப்பழம். இதுவரைக்கும் உட்கார்ந்ததே தப்பு. எந்திரி, போய் மத்தவங்க ஸ்டாலைப் பார்.” சங்கிலியும் அவனும் ஆளுக்கொரு கை பிடித்து, அவரை அன்பாகப் பேய் ஸ்டாலில் கொண்டுபோய் விட்டுவந்தார்கள்.

பச்சை முத்திரை தொங்குவதைப் பார்த்துத் தங்கப்பழத்தை ஜனம் மொய்த்துக்கொண்டது. ஒருவரையொருவர் ஆதரிப்பது என்றால் இதுதானே என்று அவனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கார் பந்தயத்துக்கு ஒரு குத்து, பேய்க்கு ஒரு குத்து, இன்னும் பாதிகூட முடியாத கேமுக்கு ஊக்கமாக இரண்டு குத்து. நாற்பத்தொரு ஸ்டாலுக்கும் குத்திவிட்டு, கடைசியாகத் தன் ஸ்டாலுக்கு வந்தான். மணி ஐந்தே முக்கால்.

“குத்துங்க அண்ணே” என்றாள் செல்வக்கொடி.

“இந்தக் கேம் யாரோடது?”

“தங்கப்பழத்தோடது.”

“அப்போ தங்கப்பழம்தானே வந்து படிவத்தை நீட்டணும்? நானா எடுத்துக் குத்தினா நாளைக்கு நாலு பேர் என்னைத் தப்பாப் பேசமாட்டாங்களா?”

மூவரும் தங்கப்பழத்தைத் தேடி ஓடினார்கள். வாசலில் வெங்காய லாரி வந்து நின்றிருந்தது. டிரைவர் இரண்டு சுமைதூக்கும் ஆட்களோடு ஒவ்வொரு கழுத்தாகப் படித்துக்கொண்டே வந்து, வெளியே காற்று வாங்க வந்த நிரஞ்சன் முன்னால் நின்றார்.

“ஏறுங்க மாப்ளே.”

“யோவ், நான் தங்கப்பழம் இல்ல.”

“அப்படித்தான் சொல்வீங்கன்னு முதலாளி முன்னாடியே சொல்லிட்டாரு.”

லாரி கிளம்பியது. பின்னாலேயே ஓடிவந்த தங்கப்பழம் அதைப் பார்த்துக் கண் கலங்கி நின்றான். மூன்று வருஷ உழைப்பு, கடைசி நிமிஷத்தில் படிவம் நீட்ட ஆளில்லாமல் போயிற்றே என்று அந்தத் தங்கப்பழத்துக்காக அவன் மனசு பதறியது. அதற்குள் நிரஞ்சன் சாரை அழைத்துப்போகக் கம்பெனி கார் வந்துவிட்டது. டிரைவர் புதுசு. அவரும் அட்டையைப் படித்துவிட்டுக் கதவைத் திறந்தார், நாலு பேரும் ஏறிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை பிச்சைக்கனி மகளுக்குப் போன் போட்டார். “மாப்பிள்ளை வந்துட்டாரு தாயி. மூணு வருஷமா கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து மூஞ்சியே மாறிப்போச்சு. ஆனா கணீர்னு இங்கிலீஷ்ல வெங்காயம் விக்கிறாரு.”

புதன்கிழமை நிரஞ்சனுடைய சென்னைக் கம்பெனிக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு தபால் வந்தது. பூவலிங்கம் பிரித்துப் படித்தான். மண்டி பில் தாளில் கையால் எழுதிய ‘ஆடு வீடு சேர்’ படிவம். தாளெல்லாம் கண்ணீர் விழுந்து ஊறியிருந்தது. “ஐயா, தயவுசெய்து இந்தக் கேமை எடுத்துக்கொண்டு என்னை உடனே விடுவிக்கவும். இப்படிக்கு, தங்கப்பழம்.”

நிரஞ்சனின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்கப்பழம் முத்திரையைக் கையில் எடுத்தான். பிறகு மேஜை டிராயருக்குள் போட்டு மூடினான்.

“கேம் நல்ல கேம்தான். ஆனா கண்காட்சியில பாதியிலேயே லாரி ஏறிப் போயிட்டு, இப்போ தபால்ல அனுப்பினா எப்படி? இந்தத் தொழில்ல நேர்ல வரணும், கடைசி வரைக்கும் நிக்கணும். அடுத்த வருஷம் வரச் சொல்லி எழுது. அட்டையை மறக்காம கழுத்துல மாட்டிக்கிட்டு வரச் சொல்லு.”